மினுக்கு எதற்கு?

வேலை தேடும் பருவம் வந்தால் நம் விடுதி அறைகளில் தனி வலைத்தளங்கள் முளைக்கின்றன. நன்று! ஆனால் அசையும் படங்களைக் குவித்து, செய்த வேலையை மூலையில் ஒளிப்பது ஏன்? டிம் பெர்னர்சு லீ 1991-இல் உலகுக்கு அறிவித்த முதல் வலைத்தளத்தில் படமே இல்லை. எழுத்தும் இணைப்புகளுமே இருந்தன. பயன் குறைந்ததா?

பத்துப் பணிகளை அடுக்குவதினும் மூன்றைத் தேர்ந்து, சிக்கல் என்ன, குழுவில் என் பங்கு எது, விளைவு யாது என எழுதுவதே சிறப்பென்பேன். தமிழ்ப் பக்கம் ஒன்றும் வேண்டும். யூனிகோடில் அதே 1991-இல் தமிழ் இடம்பெற்றுவிட்டது. எழுத்துரு இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. தமிழில் கட்டுரையும் நாடகமும் படைக்கும் நாம், அவற்றை மறைத்தா நம்மை அறிமுகம் செய்துகொள்வது? நண்பர்களே, மினுக்கைக் குறைப்போம்; தமிழை ஏற்றுவோம்!