முழுசாக எடுத்துவிடு!

திருவண்ணாமலையில் தேரடி வீதிப் பக்கம் என் சித்தப்பா வீடு. வயிற்று வலிக்கென்று ஸ்கேன் எடுக்கப் போன மனிதருக்கு, வலிக்குச் சம்பந்தமே இல்லாமல் இடது சிறுநீரகத்தில் 3 சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி தென்பட்டது. பெரும்பாலும் புற்றாகத்தான் இருக்கும் என்றார்கள். அன்று மாலையே திண்ணையில் உறவினர் சபை கூடித் தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது: “சனியனை முழுசாக எடுத்துவிடு!”

முதலில் பார்த்த டாக்டரும் அதையே சொல்லியிருந்தார். வேறு வழி உண்டென்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாமே என்று நான் வாய் திறந்ததுதான் தாமதம், மாமா பாய்ந்தார்: “ரமண மகரிஷிக்கு என்ன ஆச்சு? வெட்ட வெட்ட வளர்ந்ததே, தெரியாதா?”

இந்த ஊரில் அதற்கு மேல் சாட்சி ஏது? உண்மைதான். 1949-ல் மகரிஷியின் இடது கையில், முழங்கை அருகே வந்த கட்டியை அந்த ஓராண்டிலேயே நான்கு முறை அறுத்தார்கள், ரேடியமும் வைத்தார்கள். 1950 ஏப்ரல் 14-ல் அவர் மறைந்தார். ஆனால் அது சார்க்கோமா, வேறு ஜாதி. போகட்டும், கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு அவர் இசையவில்லையே! கையை இழக்க மறுத்தவரையா சிறுநீரகத்தை இழக்கச் சாட்சிக்கு அழைப்பது?

நான் வைத்தியம் படித்தவனல்ல, கதை எழுதுகிறவன். கேட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்கிறேன். ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் 1869-ல் குஸ்டாவ் சைமன் என்பவர் ஒரு பெண்ணின் சிறுநீரகத்தை முழுசாக எடுத்துப் பிழைக்க வைத்தார். அதே ஊரில் 1887-ல் செர்னி என்பவர் கட்டியை மட்டும் அறுத்தெடுத்தார். ஆக, இது நேற்றைய மோஸ்தர் அல்ல. ரத்தக் குழாயைக் கூடுமானவரை அரை மணிக்குள்ளாகக் கவ்விப் பிடித்துக்கொண்டு, கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சதையில் மெல்லிய விளிம்போடு வெட்டி எடுத்து, மிச்சத்தைத் தைத்துவிடுகிறார்கள். 4 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிக்கு, முடிகிற இடத்திலெல்லாம் இன்று நிபுணர்கள் சிபாரிசு செய்வது இதைத்தான். புற்றை ஒழிப்பதில் இது முழுசாக எடுப்பதற்குச் சளைத்ததில்லை. ரத்தப் போக்கும் சிறுநீர்க் கசிவும் சற்று அதிகம் நேரலாம், ஒப்புக்கொள்கிறேன். கட்டி பெரிதாகி ரத்தக் குழாய்க்குள் புகுந்துவிட்டால் என் வாதம் செல்லாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

“ஒன்று போதாதா? தானமே கொடுக்கிறார்களே!” என்கிறாள் அத்தை. ஐயா, தானம் கொடுப்பவரை ஆயிரம் சோதனை செய்து, ஆரோக்கியசாலி என்று கண்ட பிறகல்லவா எடுக்கிறார்கள்? என் சித்தப்பாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை; போதாததற்கு ரத்தக் கொதிப்பு. இரண்டும் தின்பது சிறுநீரகத்தைத்தான். மிஞ்சிய ஒன்றும் நாளை கைவிட்டால், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அவரை அழைத்துப் போக இந்தச் சபையில் யார் வருவார்கள்? கேட்டேன். திண்ணையில் சத்தமில்லை. சித்தப்பா மட்டும் மெல்ல, “இதை அந்த டாக்டர் ஏண்டா சொல்லலை?” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் சென்னைக்குப் போகிறோம், இன்னொரு நிபுணரைப் பார்க்க. மாமாவும் வருகிறாராம், தீர்ப்பை நேரில் சொல்ல.