வாட்ச்மேன் ரூமுக்கு ஒரு கோட்டை!

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பார்கள். கல்யாணம் பண்ணிக்கொண்ட பாவத்துக்கு வீடு கட்டக் கிளம்பி, கேட்டோடு நின்றுபோன ஓர் ஆசாமி உண்டு. ஆர்தர் கைலி அஷர். அயர்லாந்தில் லிஸ்மோர் பக்கம், பாலிசாகர்ட்மோர். (நாக்கு சுளுக்கினால் நான் பொறுப்பல்ல!)

ஆர்தர் பெரிய நிலச்சுவான்தார். குடியிருக்க பங்களாவும் இருந்தது. வந்தது வினை கூடப் பிறந்தவரால். அவர் பிளாக்வாட்டர் நதிக்கரையில் ஸ்ட்ராங்கலி என்று ஒரு கோட்டையே கட்டிக் குடியேறிவிட்டார். 'ஓர்ப்படி கோட்டையில இருக்கா, நான் மட்டும் இங்கேயா?' என்று ஆர்தரின் மனைவி பிடித்துக்கொண்டதாக ஊரில் கதை. ஓர்ப்படி சமாசாரம் நம்மூரில் மட்டும்தான் என்று நினைத்தீர்களா, ஸார்?

1834 வாக்கில் வேலை ஆரம்பம். பிளான் போட்டது தோட்டக்காரர்! கோட்டை அப்புறம், முதலில் வாசல். சாரட் வண்டி வந்தால் கதவு திறக்கிற ஆளுக்கு எஸ்டேட் வாசலில் சின்னதாக ஒரு வீடு இருக்கும். 'லாட்ஜ்' என்பார்கள். ரூம் வாடகைக்கு விடுகிற லாட்ஜ் இல்லை; நம்ம பாஷையில் வாட்ச்மேன் ரூம். அதற்குத்தான் கூரான வளைவு, பல் பல்லாகக் கைப்பிடிச் சுவர், உருண்டைக் கோபுரங்கள். சுவரில் அம்பு விடுகிற மாதிரி ஒடுக்கமான பிளவுகள் வேறு. 1834-ல் யார் மேல் அம்பு விடப் போகிறார்களோ!

அதோடு விட்டாரா? உள்ளே கொஞ்ச தூரத்தில் ஓடை மேல் ஒரு பாலம், அதன் இரண்டு முனையிலும் மறுபடி கோபுரங்கள். எல்லாம் செதுக்கிய கல். பார்க்க அழகு என்பதை மறுக்க முடியாது. பாலத்தைத் தாண்டினால் கோட்டை வந்திருக்க வேண்டும். வரவில்லை. பணம் காலி! தம்பதி பழைய பங்களாவிலேயே காலம் தள்ளினார்கள். பைசா வருமானம் தராத வாசலில் முதலை முடக்கக் கூடாது என்று பி.காம். முதல் வருஷப் பையன்கூடச் சொல்வான்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்த ராஜ வாழ்க்கைக்கெல்லாம் பணம், குடியானவர்கள் கட்டிய குத்தகை. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து அயர்லாந்தே பட்டினி கிடந்தது. சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அந்தப் பஞ்சத்தில் குத்தகைக்காரர்களைக் குடும்பத்தோடு வெளியேற்றியவர் என்றுதான் அந்தப் பக்கத்தில் ஆர்தரை இன்னமும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கதவு திறக்கிறவனுக்குக் கோபுரம். குத்தகை கட்டினவனுக்குக் கூரைகூட இல்லை.

பங்களா பிற்பாடு போய்விட்டது. வாசலும் பாலமும் மட்டும் காட்டுக்குள் நிற்கின்றன. இப்போது சாயங்காலம் நடக்கப் போகிறவர்கள், நாயைக் கூட்டிக்கொண்டு, யாரையும் கேட்காமல் உள்ளே போய் வருகிறார்கள்.