உபதேசியாருக்கும் ஓர் ஒடுக்கம்



இவ்வாண்டு குருக்களின் ஆண்டுத் தியானத்திற்கு நான் புறப்பட்டபோது, என் பெட்டியைப் பேருந்து நிறுத்தம் வரை தூக்கி வந்தவர் எங்கள் உபதேசியார். பேருந்துக்குக் காத்து நின்ற வேளையில் அவர், "சுவாமி, 26 ஆண்டுகளாக ஒவ்வொரு பங்குச் சுவாமியாரையும் தியானத்திற்கு வழியனுப்பி வருகிறேன். எங்களுக்கும் அப்படி ஒன்று உண்டா?" என்று கேட்டார். கேள்வியில் குறை கூறும் தொனி இல்லை. "பார்க்கலாம்" என்று சொல்லிப் பேருந்தில் ஏறிவிட்டேன். ஆனால் தியானத்தின் முதல் நாள் முழுவதும் அந்தக் கேள்வியே என்னோடு இருந்தது.

தியானத்தை நம் முன்னோர் 'ஞான ஒடுக்கம்' என்று அழைத்தனர். பொருள் செறிந்த சொல். ஊக்கமுடையவனின் ஒடுக்கத்தை, போரிடும் ஆட்டுக்கடா பாய்வதற்கு முன் பின்வாங்குவதற்கு வள்ளுவர் ஒப்பிட்டார். ஒடுங்குதல் ஓடி ஒளிதல் அன்று. மீண்டும் முன்செல்வதற்கான ஆயத்தம். நற்செய்தியிலும் இதையே காண்கிறோம். பணி முடித்துத் திரும்பிய அப்போஸ்தலர்களுக்கு உண்ணவும் நேரமில்லை என்று கண்ட ஆண்டவர், அவர்களைத் தனிமையான இடத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கும் மக்கள் வந்து சேர்ந்தபோது அவர்கள்மேல் மனம் இரங்கினார்.

1521-ஆம் ஆண்டு பாம்பலோனாவில் பீரங்கிக் குண்டால் காலில் காயமுற்ற போர்வீரர் இஞ்ஞாசியார், மறு ஆண்டு மன்ரேசாவில் பல மாதங்கள் செபத்திலும் தவத்திலும் கழித்தார். அங்கு முளைத்த ஞானப் பயிற்சிகளுக்கு 1548-இல் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் ஒப்புதல் அளித்தார். 1922-இல் பதினொன்றாம் பத்திநாதர் இஞ்ஞாசியாரை ஞான ஒடுக்கங்களின் பாதுகாவலராக அறிவித்தார். 1929-இல் எழுதிய சுற்றுமடலில், ஒடுக்கம் குருக்களுக்கு மட்டுமன்றிப் பொதுநிலையினருக்கும் உரியது என்று வலியுறுத்தினார். நாம்தான் அதைக் குருமனைக்குள் நிறுத்திக்கொண்டோம்.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் பங்குக் குருவுக்கு ஆண்டில் ஒரு மாத விடுமுறை தருகிறது. தியான நாட்களை அதில் சேர்த்துக் கணக்கிடுவதில்லை. ஏனெனில் தியானம் விடுமுறை அன்று. அது பணியின் ஒரு பகுதி. 2014-இல் திருத்தந்தை பிரான்சிஸ், தம் தலைமை அலுவலகப் பணியாளர்களோடு பேருந்தில் உரோமைக்கு வெளியே உள்ள அரிச்சா என்ற ஊருக்குத் தியானத்திற்குச் சென்றார். அலுவலக மேசை கண்ணில் படும் வரையில் மனம் அடங்குவதில்லை என்பது நாம் எல்லோரும் அறிந்ததே.

என் குற்றத்தையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். முன்பு ஒரு பங்கில் ஆலயம் கட்டிய ஆண்டு, "இதுவும் கடவுளின் வேலைதானே" என்று தியானத்தைத் தள்ளிவிட்டேன். மணல், சிமெண்டு, கூலிக் கணக்கு இவையே இரவும் பகலும். ஒரு நண்பகலில் மகனின் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வந்த ஏழைத் தாயிடம், "நேரம் தெரியாதா?" என்று சீறி அனுப்பினேன். ஆலயம் எழுந்தது, அந்தத் தாய் அதன் வாசற்படி மிதிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. நான் எவ்வளவு வறண்டுபோயிருந்தேன் என்பது அடுத்த தியானத்தின் மௌனத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

குருவுக்கே இந்த வறட்சி என்றால், விடியற்காலை மணி அடித்து, நோயாளிகளைச் சந்தித்து, மரித்தோர் வீட்டில் செபம் சொல்லி, இரவில் ஆலயத்தைப் பூட்டும் உபதேசியாருக்கு? இன்னொன்றும் உண்டு. அவர் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியது பெரும்பாலும் தம் பங்குக் குருவிடமே. தமக்கு ஊதியம் தருபவரிடம், சிலவேளை தம்மை மனம் நோகச் செய்தவரிடம், உள்ளத்தைத் திறப்பது எளிதா? தியான இல்லத்தில் அறிமுகமில்லாத ஒரு குருவிடம் அவர் மனப்பாரம் இறக்கலாம். தம்மைப் போன்ற பிற பங்குப் பணியாளர்களைக் கண்டு ஆறுதல் பெறலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தியானம் என்று அழைத்துவிட்டு, வரவு செலவும் விழாத் திட்டமும் பேசினால் அது கூட்டமாகிவிடும். மௌனம் இருக்கட்டும், செலவைப் பங்கு ஏற்கட்டும், அந்த நாட்களுக்கு ஊதியம் பிடிக்கக் கூடாது. பீடத் துணிகளைத் துவைத்துத் தரும் அவருடைய மனைவிக்கும் ஒரு நாள் தியானமேனும் கிடைக்கட்டும்.

ஊர் திரும்பியதும் பங்குப் பேரவையில் இதைச் சொன்னேன். "மூன்று நாள் மணி யார் அடிப்பது?" என்றார் ஒரு பெரியவர். "நாங்கள் அடிக்கிறோம்; செபமாலையும் நாங்களே சொல்லுகிறோம்" என்றனர் இளைஞர்கள். உபதேசியார் இல்லாத மூன்று நாட்கள் அவர்களுக்கும் ஒரு பயிற்சியாகும்.

திருவருகைக் காலத்திற்கு முன் அவர் புறப்படுகிறார். அன்று அவருடைய பெட்டியை நான் தூக்கிச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பங்கிலும் மணி அடிப்பவர், பாடல் சொல்லித் தருபவர், மறைக்கல்வி ஆசிரியர் உண்டல்லவா? அவர்கள் கடைசியாகத் தியானம் சென்றது எப்போது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.