வீட்டிலை இருக்கிறதை வைச்சு ஒரு விருந்து

பின்னேரம் ஆரோ வரப்போகினம் என்று போன் வந்தால் எங்கட வீடுகளில் முதலில் நடப்பது என்ன? ஒருத்தர் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு பேக்கரிக்கு ஓடுவார். ரோல்ஸ், பற்றிஸ், கேக் துண்டு, ஒரு பெரிய சோடாப் போத்தல். வந்தவை இரவும் நிண்டால் கொத்துக்கோ ஃப்ரைட் ரைஸுக்கோ ஓடர். அடுப்பில் பிட்டு அவிந்துகொண்டிருக்கும், சட்டியில் சொதி இருக்கும். ஆனால் அது வெளியே வராது. "இதையோ அவைக்குக் குடுக்கிறது?" என்று ஒரு கேள்வி வரும். அதோடு சட்டி மூடப்படும்.

அந்தக் கேள்வியைத்தான் நாங்கள் இங்கே கொஞ்சம் பிடிச்சு உலுப்பிப் பார்க்க விரும்புகிறோம். ஏன் கொடுக்கக்கூடாது?

இது சும்மா சாப்பாட்டுக் கதை இல்லை. 2022 இல் நாங்கள் எல்லோரும் வரிசையில் நிண்டவர்கள். எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது ஒரு வருடத்துக்கு முந்தி 100 ரூபாய்க்கு வாங்கின சாப்பாட்டுச் சாமானுக்குக் கிட்டத்தட்ட 195 ரூபாய். பிறகு விலை ஏறும் வேகம் குறைந்தது. ஆனால் ஏறின விலை பழைய இடத்துக்கு இறங்கி வரவில்லை. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயையும் தாண்டினது எல்லாருக்கும் நினைவிருக்கும்.

இதுக்குள்ளே சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. ஆட்கள் ஆட்களின் வீடுகளுக்குப் போவது குறைந்துவிட்டது. போனால் அவைக்குச் செலவு, வந்தால் எங்களுக்குச் செலவு. "ஒருநாளைக்கு வாங்கோவன்" என்று சொல்லுற வாய் நாள் குறிக்கத் தயங்குகிறது. கலியாண வீடு, செத்த வீடு தவிர சொந்தக்காரரைக் காணக் கிடைப்பதில்லை. கொழும்பில் அறை எடுத்து இருக்கிற எங்கட வயதுக்காரருக்கும் இதே கதைதான். நாலு பேர் சந்திக்க வேணும் என்றால் கடையில்தான் சந்திக்க வேணும். மாதக் கடைசியில் கையில் காசு இல்லாதவன் "வேலை கிடக்கு மச்சான்" என்று சொல்லி நழுவிவிடுவான். அவனுக்கு வேலை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். கேட்கமாட்டோம்.

ஆகவே எங்கட நிலைப்பாடு இதுதான்: விருந்தோம்பலைக் கடையிலிருந்து திரும்பவும் வீட்டுக்குக் கொண்டுவர வேணும். நாங்கள் வழமையாகச் சாப்பிடுவதையே வருபவருக்கும் கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பது மரியாதைக் குறைவு இல்லை.

இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்றும் யோசிக்க வேணும். தொண்ணூறுகளில் வடக்கில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த ஆட்களுக்கு மரவள்ளிக்கிழங்கும் ஒடியலும் கஞ்சியும் இல்லாமையின் சாப்பாடு. வேறு ஒன்றும் இல்லாததால் சாப்பிட்டது. அந்தக் காலத்தைத் தாண்டி வந்த ஒரு அம்மம்மா, வீட்டுக்கு வந்த ஆளுக்கு அவிச்ச கிழங்கை நீட்ட விரும்பாமல் இருப்பது எங்களுக்கு விளங்குகிறது. காசு கொடுத்து வாங்கின கேக் துண்டு அவவுக்கு ஒரு அறிவிப்பு: "நாங்கள் இப்ப நல்லா இருக்கிறம்." அதைப் பார்த்து நாங்கள் சிரிக்கக்கூடாது. ஆனால் அந்த அறிவிப்பை இன்னும் எத்தனை காலத்துக்குக் கடன்பட்டுச் செய்துகொண்டிருப்பது?

இன்னொரு பக்கத்தையும் பாருங்கோ. எங்கட ஊர்களில் ஊரே கூடிப் பகிரும் சாப்பாடு எது? சித்திரா பௌர்ணமிக்குக் கோயில்களில் கஞ்சி. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களில் கஞ்சி, அதை வாங்கிக்கொண்டு போவதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும். நவாலியூர் சோமசுந்தரப்புலவர் பாட்டே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சியைத் தெருவோரங்களில் நின்று கொடுக்கிறோம். அரிசி, தண்ணி, உப்பு. அதை வாங்கிக் குடிப்பவர் "இவ்வளவுதானோ?" என்று கேட்பதில்லை. ஊருக்கு முன்னால் பெருமையோடு கொடுக்கிற சாப்பாட்டை வீட்டுக்குள் மட்டும் ஏன் ஒளிக்கிறோம்?

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் விஷயம் இதைவிடப் பகிடி. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வருவார்கள். அவர்களுக்காக நாங்கள் பீட்சாவும் ஐஸ்கிரீம் கேக்கும் தேடித் திரிவோம். அவர்களோ கொடியிறக்கம் முடிய "எப்ப கூழ் காய்ச்சுவியள்?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் கிடைக்கிற பீட்சாவைச் சாப்பிடவா அவர்கள் இத்தனை மணித்தியாலம் பறந்து வந்தார்கள்?

சரி, என்ன சமைக்கலாம்? பெரிய சமையல் தெரியத் தேவையில்லை. ஒரு அடுப்பு, ஒரு சட்டி, ஒரு தாச்சி இருக்கிற போடிங் அறைக்கும் பொருந்துகிறவற்றையே சொல்கிறோம்.

முதலாவது, ரொட்டியும் கட்டைச்சம்பலும். அரைக் கிலோ கோதுமை மா, பாதித் தேங்காயின் பூ, கொஞ்சம் வெங்காயம், இரண்டு பச்சைமிளகாய், உப்பு. தண்ணி விட்டுக் குழைச்சுக் கையால் தட்டிச் சுட்டால் எட்டு ரொட்டி வரும். நாலு பேருக்குத் தாராளம். மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக இதுதான் வேலைக்குப் போகிறவர்களின் சாப்பாடு. சம்பலுக்குத் தேங்காய்ப்பூ போட வேணும் என்றில்லை. செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு மூன்றையும் இடிச்சுத் தேசிக்காய்ப் புளி விட்டால் போதும். தேங்காய் விலை ஏறும்போது இது கைகொடுக்கும்.

இரண்டாவது, அவிச்ச மரவள்ளிக்கிழங்கு. தோலை உரிச்சுத் துண்டாக்கி, நிறையத் தண்ணியில் சட்டியை மூடாமல் அவிச்சு, அந்தத் தண்ணியை வடிச்சு ஊத்திவிட வேணும். மூடாமல் அவிக்கச் சொல்வது சும்மா பழக்கம் இல்லை, கிழங்கில் இருக்கிற நச்சுத்தன்மை ஆவியோடு போக வேணும் என்பதற்காக. கசக்கிற கிழங்கை எறிந்துவிடுங்கோ. பக்கத்தில் பச்சைமிளகாய்ச் சம்பலும் சூடான பிளேன்டீயும் இருந்தால் மழை பெய்கிற பின்னேரத்துக்கு வேறு என்ன வேணும்?

மூன்றாவது, தாளிச்ச கடலை அல்லது கௌப்பி. 250 கிராம் கடலையை முதல் நாள் இரவே ஊறப் போட்டால் காலமை இரண்டு மடங்காகப் பொங்கி நிற்கும். அவிச்சு, வெங்காயம், செத்தல் மிளகாய், கருவேப்பிலை, கடுகோடு ஒரு பிரட்டு. தேங்காய்ச் சொட்டு இருந்தால் போடலாம். ரோல்ஸ் தட்டுக்குப் பதிலாக இந்தக் கோப்பையை நடுவில் வையுங்கோ. கதை முடிய முதல் கடலை முடியும். எண்ணெய்யில் பொரிச்ச சோற்றீற்ஸை விட வயிற்றுக்கும் நல்லது.

நாலாவது, பிட்டும் முட்டைச் சொதியும். பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி இல்லாவிட்டால் இட்டலிச் சட்டியில் துணி விரிச்சும் அவிக்கலாம். சொதி கொதிச்சு வரும்போது ஆளுக்கு ஒரு முட்டை உடைச்சு விட்டு, கரண்டி போட்டுக் கலக்காமல் கொஞ்ச நேரம் விட்டால் முட்டை முழுசாக அவிந்துவிடும். மீனும் இறைச்சியும் வாங்க முடியாத நாளில் இது விருந்துதான். மிஞ்சின பிட்டை அடுத்தநாள் காலமை வெங்காயம், முட்டையோடு தாச்சியில் கொத்தி எடுத்தால் கொத்துப் பிட்டு. கடைக் கொத்துக்கு என்ன குறை?

ஐந்தாவது, கஞ்சி. ஒரு கோப்பை அரிசி, ஒரு கைப்பிடி பயறு, நாலைந்து பல்லு உள்ளி, எட்டுக் கோப்பை தண்ணி. குழைய அவிந்த பிறகு ஒரு கைப்பிடி முருங்கையிலை, உப்பு, இருந்தால் கொஞ்சத் தேங்காய்ப்பால். முருங்கையிலை பெரும்பாலும் காசு கொடுக்காமலே கிடைக்கும், பக்கத்து வேலியைக் கேட்டால் போதும்.

பத்துப் பேருக்கு மேல் என்றால் ஒடியல் கூழ். ஒடியல் மாவை ஊறவைச்சு மேல் தண்ணியை ஊத்திவிட்டால் கசப்புப் போகும். அதுக்குள் எந்த மீன் மலிவோ அந்த மீன், இரண்டு நண்டு கிடைத்தால் நண்டு, பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, கீரை, புளி, அரைச்ச செத்தல் மிளகாய். கூழின் அருமை என்னவென்றால் ஆளுக்கொரு சாமான் கொண்டுவரலாம். ஒருத்தர் மீன், ஒருத்தர் கிழங்கு, ஒருத்தர் விறகு. ஆர் எவ்வளவு செலவழிச்சது என்று சட்டிக்குள் போன பிறகு ஒருத்தருக்கும் தெரியாது. "வேலை கிடக்கு மச்சான்" என்று நழுவுகிறவனும் ஒரு கட்டுக் கீரையோடு வந்து குந்தலாம்.

இப்ப ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். வீட்டுச் சாப்பாடு மலிவு என்கிறீர்கள், ஆனால் அது ஏன் மலிவு? அம்மாவின் உழைப்புக்கு ஆரும் கணக்குப் பார்க்காததால்தானே? உண்மை. பேக்கரிக்குப் போனால் காசு போகும். அதுக்குப் பதிலாக வீட்டில் சமைத்தால் அம்மாவினதும் அக்காவினதும் பின்னேரம் போகும். வந்தவர்கள் முன்னறையில் இருந்து அரசியல் கதைப்பார்கள், அம்மா குசினிக்குள் நின்று வேர்ப்பா, எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சினதைத் தின்பா. அந்த விருந்தோம்பலைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அதைவிட பேக்கரி ரோல்ஸ் ஆயிரம் மடங்கு நல்லது.

ஆகவே இதுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கூப்பிட்ட ஆள் சமைக்க வேணும். உங்கட நண்பர் வந்தால் நீங்கள்தான் தேங்காய் திருவ வேணும், ரொட்டி தட்ட வேணும், கோப்பை கழுவ வேணும். தம்பிமாரே, இது முக்கியமாக உங்களுக்கு. வெளிநாடு போய்த் தனிய இருக்கும்போது பழகுவதை இங்கேயே பழகினால் என்ன? மேலே சொன்ன ஐந்திலும் ஒன்றுகூட ஒரு ஆள் நாள் முழுக்க நிண்டு வேகுகிற வேலை இல்லை. வந்தவரும் கதைச்சுக் கதைச்சு வெங்காயம் உரிக்கலாம். அப்படி உரிக்கிறவரோடு வருகிற நெருக்கம் முன்னறைச் சோபாவில் வராது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேணும். சிக்கனமாகச் சமைப்பதைப் புகழ்கிறோம் என்பதற்காக இல்லாமையைப் புகழவில்லை. எங்களுக்கு ரொட்டி ஒருநாள் விருப்பம். தோட்டத்தில் பலருக்கு அது மட்டுமே மூன்று வேளையும். வேறு வழி இருக்கிறவர் விரும்பிக் கஞ்சி குடிப்பதும், வழி இல்லாதவர் கஞ்சியோடு படுக்கப் போவதும் ஒன்றல்ல. "மரவள்ளி சாப்பிட்டுப் பழகுங்கோ" என்று மேலே இருக்கிறவர்கள் கீழே இருக்கிறவர்களுக்குப் புத்தி சொல்லும்போது நாங்கள் கோபப்படத்தான் வேணும். சம்பளத்துக்கும் விலைக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும். எங்கட கதை வேறு. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் இருப்பதற்கு விலைவாசி ஒரு காரணமாக இருக்கக்கூடாது என்பதுதான் எங்கட கவலை.

இந்த மாதம் ஒரே ஒரு ஆளைக் கூப்பிடுங்கோ. கனநாள் காணாத கூட்டாளியாக இருக்கலாம், தனிய இருக்கிற மாமியாக இருக்கலாம், பக்கத்து அறைக்குப் புதிதாக வந்த பிள்ளையாக இருக்கலாம். கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கோ: "ரொட்டியும் சம்பலும்தான், வாறியே?" வருவார்கள். வந்தால் அவர்களிடம் தேங்காயையும் திருவலையையும் கொடுத்து விடுங்கோ.