காலிலை நோவெண்டால் துரோகியோ?

"ஒரு வருசம் விளையாடிப்போட்டு ஓடினவன், துரோகி" என்று கவாய் லெனர்டைப் பற்றி இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிற சனம் ஸ்காபரோவில் குறைவில்லை. போன மாதம் ஒரு பிறந்தநாள் மண்டபத்திலும் இதே கதைதான். எனக்குப் பக்கத்திலிருந்து கொத்துரொட்டி சாப்பிட்ட ஓர் அண்ணை, 2025 பெப்ரவரியில் ராப்டர்ஸ் அணி பிரண்டன் இங்ராமை மாற்றி எடுத்ததில் தொடங்கி, அங்கிருந்து பின்னுக்குப் போய் 2018க்கு வந்து சேர்ந்தார். "கணுக்கால் சுளுக்கி வாங்கிலை இருந்தவனுக்கு மூண்டு வருசத்துக்கு 120 மில்லியனாம். உவங்கள் குழப்படிகாரரைத் தேடித் தேடி எடுக்கிறாங்கள்." மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறக்க முதலே மனிசி மேசைக்குக் கீழே என் காலை மிதித்துவிட்டாள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

துரோகி என்ற சொல்லை எங்கட ஆட்கள் எவ்வளவு சுகமாகக் கையில் எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்குப் பிறகு எத்தனை வீடு இருண்டது என்றும் தெரியும். இப்போது அது பந்து விளையாடுகிறவன் மட்டும் வந்து நிற்கிறது. அதிலும் அவன் செய்த துரோகம் என்ன? தன் காலில் நோ இருக்கிறது என்று சொன்னதுதான்.

ஐரோப்பாவில் இருந்து வாசிக்கிறவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லெனர்ட் சான் அன்ரோனியோ ஸ்பேர்ஸ் அணியில் விளையாடியவன். 2014இல் அவர்கள் சம்பியனானபோது இறுதிப்போட்டித் தொடரின் சிறந்த ஆட்டக்காரன் அவன்தான். வாய் திறந்து கதைக்காதவன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, 2008 ஜனவரியில், அவனுடைய தகப்பனைக் கொம்ப்ரனில் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த நாளே அந்தப் பெடியன் போய் விளையாடினான். இப்படி ஒருவனைப் பார்த்து 'விளையாட விருப்பமில்லாதவன்' என்று பிறகு சொன்னார்கள்.

2017-18 பருவத்தில் அவன் தொடைத் தசைநாரில் நோவோடு இருந்தான். 82 ஆட்டங்களில் 9தான் விளையாடினான். அணியின் வைத்தியர்கள் விளையாடலாம் என்றார்கள். அவன் நியூயோர்க்கில் தான் பார்த்த வைத்தியர்களை நம்பினான். முழுப் பிரச்சினையும் இவ்வளவுதான். 2018 மார்ச்சில் கூட விளையாடுகிறவர்கள் அவனை நடுவில் இருத்திக் கூட்டம் வைத்தார்கள். அந்த அணியின் மூத்த ஆட்டக்காரர் ரோனி பாக்கர், தனக்கும் அதே இடத்தில் காயம் வந்தது, அது நூறு மடங்கு மோசம் என்று பத்திரிகைக்காரருக்குச் சொன்னார்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. குசினியில் வேலை செய்தவன் எவனுக்கும் இந்த மூத்த ஆட்டக்காரரைத் தெரியும். நீங்கள் கையைச் சுட்டுக்கொண்டு ஐஸ் தேடி ஓடும்போது, தன் முழங்கைத் தழும்பைத் திருப்பிக் காட்டி "இது தெரியுமோ? இதோட நான் பன்னிரண்டு மணித்தியாலம் நிண்டனான்" என்று சொல்கிற ஓர் அண்ணை எல்லாக் குசினியிலும் இருப்பார். முதலாளி ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அவருக்கான வேலையை இவர் சம்பளமில்லாமல் செய்து கொடுப்பார்.

எனக்கும் ஒருக்கால் இது நடந்தது. டவுன்ரவுனில் ஓர் உணவகம், பேர் வேண்டாம். ஏழு வருசம் அங்கே லைன் குக். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சூப் சட்டியை அடுப்பால் இறக்கும்போது முதுகில் தட்டு விலகிவிட்டது. குடும்ப வைத்தியர் ஆறு கிழமை பாரம் தூக்கக்கூடாது என்று கடிதம் தந்தார். மனேச்சர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, தங்களுக்குத் தெரிந்த ஒரு கிளினிக்குக்கும் போய்வரச் சொன்னார். அங்கே பத்து நிமிசத்தில் 'இலேசான வேலை செய்யலாம்' என்று எழுதினார்கள். குசினியில் இலேசான வேலை எது? உப்புப் போடுவதா? நான் என்னுடைய வைத்தியரின் கடிதத்தோடு நின்றேன். ஆறு கிழமை கழித்துப் போனபோது, கிழமைக்கு 48 மணித்தியாலம் இருந்த அட்டவணையில் எனக்கு 19 மணித்தியாலம். ஒருவரும் ஏசவில்லை. "இவன் கொஞ்சம் பிரச்சினையான ஆள்" என்று புதிதாக வந்த பெடியனுக்குச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அதுவரை நான் அங்கே ஒருநாள்கூட பிந்திப் போகாதவன்.

லெனர்ட் மில்லியன்காரன், நீ மணித்தியாலக் கூலி, எப்படி ஒப்பிடுகிறாய் என்று கேட்பீர்கள். 2018-19இல் அவனுக்கு 23 மில்லியன் டொலர். அந்த வருசம் ஒன்ராறியோவில் குறைந்தபட்சக் கூலி 14 டொலர். விளங்குகிறது. ஆனால் அந்தக் காசு அவனுக்கு என்ன வாங்கிக் கொடுத்தது என்று பாருங்கள். தனக்கென்று ஒரு வைத்தியரையும், 'ஏலாது' என்று சொல்லுகிற துணிவையும்தான். எங்களிடம் அது இல்லை. இல்லாதவன் இருக்கிறவனைப் பார்த்து 'நீயும் முதுகு முறிய நில்' என்று கத்துவது எந்த ஊர் நியாயம்?

இனி வியாபாரத்துக்கு வருவம். 2018 யூலை 18ஆம் திகதி ராப்டர்ஸ் தலைவர் மசாய் உஜிரி லெனர்டை எடுத்தார். கூடவே டனி கிறீன். கொடுத்தது டிமார் டிறோசன், யாக்கோப் பேட்டில், 2019இன் முதல் சுற்றுத் தெரிவு ஒன்று. அந்தத் தெரிவு கடைசியில் 29ஆம் இடமாக வந்தது. உலகத்தின் முதல் மூன்று நான்கு ஆட்டக்காரரில் ஒருவனுக்கு இது பெரிய விலையில்லை. ஏன் மலிந்தான்? 'குழப்படிகாரன்' என்று நெற்றியில் ஒட்டிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் மிச்சம் ஒரு வருசம்தான், கால் எப்படி என்று வெளியில் ஒருவருக்கும் தெரியாது, ரொறன்ரோவுக்கு வர விருப்பமில்லை என்று கதை அடிபட்டது. சந்தையில் அடிபட்ட மாம்பழத்தைப் பாதி விலைக்குக் கேட்கிற மாதிரித்தான்.

அமெரிக்க உதைபந்தாட்டத்திலும் இதே கணக்கு ஓடும். றாண்டி மொஸ் என்று பந்து பிடிக்கிறதில் பிறவிக் கெட்டிக்காரன் ஒருவன். ஒக்லண்டில் இருந்தபோது சோம்பேறி, சொல்வழி கேளாதவன் என்று பேர். 2007 ஏப்ரலில் நியூ இங்லண்ட் அணி அவனை வெறும் நாலாம் சுற்றுத் தெரிவு ஒன்றுக்கு வாங்கியது. அந்தப் பருவத்தில் 23 தரம் பந்தைப் பிடித்து எல்லைக்குள் கொண்டுபோய்ச் சாதனை வைத்தான். எல்லாரும் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. அதே ஒக்லண்ட் 2019இல் அன்ரோனியோ பிறவுணை மூன்றாம், ஐந்தாம் சுற்றுத் தெரிவுகளுக்கு எடுத்து, பருவம் தொடங்க முதலே ஓர் ஆட்டமும் ஆடாமல் கலைத்துவிட்டது. உண்மையிலேயே குழப்படிகாரரும் இருக்கிறார்கள். ஆனால் காயத்தைச் சொன்னவனையும் கலகம் செய்தவனையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால், லாபம் மலிவாக வாங்குகிறவனுக்குத்தான்.

உஜிரி கெட்டிக்காரத்தனமாக மலிவில் வாங்கினார் என்பதோடு எல்லாரும் கதையை நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். ரொறன்ரோ அந்த மனிசனோடு சேர்த்து அவனுடைய ஓய்வையும் வாங்கியது. அலெக்ஸ் மக்கெக்னி என்ற உடற்பயிற்சி விற்பன்னரின் கணக்கில் அந்த வருசம் முழுக்க அவனை அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் ஒருக்காலும் இறக்கவில்லை. 82இல் 60 ஆட்டம்தான் விளையாடினான். எங்கட சனம் அப்போதும் முணுமுணுத்தது, "ரிக்கெற் எடுத்துப் போனால் அவன் கோட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிறான்" என்று. அணி அவன் இல்லாமலும் வென்றது, மொத்தம் 58 வெற்றி. பிறகு 2019 மே 12, பிலடெல்பியாவோடு ஏழாவது ஆட்டம். கடைசிக் கணத்தில் மூலையில் இருந்து எறிந்த பந்து வளையத்தில் நாலு தரம் குதித்து உள்ளே விழுந்தது. 92-90. அன்றைக்கு அவனுக்கு 41 புள்ளி. எங்கட குசினியில் கோப்பை கழுவுகிறவர் தொடக்கம் மனேச்சர் வரை கட்டிப்பிடித்தோம், அடுப்பில் இருந்த மீன் கருகிப்போனது. யூன் 13ஆம் திகதி ஒக்லண்டில் கோல்டன் ஸ்ரேற்றை வென்று சம்பியன். 1995இல் தொடங்கிய அணிக்கு முதல் கிண்ணம். 'குழப்படிகாரன்' அந்தத் தொடரிலும் சிறந்த ஆட்டக்காரன்.

அதே இறுதித் தொடரில் நடந்த இன்னொன்றை நாங்கள் மறக்கப் பார்க்கிறோம். கோல்டன் ஸ்ரேற்றின் கெவின் டுறான்ற் மே மாதம் கெண்டைக்காலில் காயப்பட்டு ஒரு மாதமாக வெளியே இருந்தான். ஏன் இன்னும் வரவில்லை என்று ஊரெல்லாம் கேட்டது. யூன் 10ஆம் திகதி ரொறன்ரோவில் ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கினான். 12 நிமிசம் விளையாடி 11 புள்ளி எடுத்தான். குதிக்கால் நரம்பு அறுந்து விழுந்தான். அவன் நிலத்தில் இருந்து காலைப் பிடித்தபோது எங்கட அரங்கத்தில் ஒரு பகுதிச் சனம் கைதட்டியது. ராப்டர்ஸ் ஆட்டக்காரரே கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்கள். அடுத்த பருவம் முழுக்க அவன் விளையாடவில்லை.

வராதவன் துரோகி, வந்து விழுந்தவனுக்குக் கைதட்டு. காயப்பட்ட மனிசன் இந்தச் சனத்துக்கு என்னதான் செய்ய வேண்டும்?

லெனர்டின் கால் உண்மையிலேயே பழுதுதானா என்ற கேள்விக்கும் காலம் பதில் சொல்லிவிட்டது. 2021 யூனில் முழங்கால் தசைநார் கிழிந்து 2021-22 பருவம் முழுக்க வெளியே இருந்தான். 2019இல் ஒப்பந்தம் முடிந்ததும் பிறந்த ஊர்ப் பக்கமாய்க் கிளிப்பேர்ஸுக்குப் போனது ஓட்டமாம். ஒப்பந்தம் முடிந்தால் போவது ஓட்டம் என்றால், நாங்கள் எல்லாரும் எத்தனை கடையில் இருந்து ஓடினவர்கள்? கிளிப்பேர்ஸில் சம்பளத்துக்கு வெளியே ஒரு நிறுவனம் கொடுத்த காசு பற்றி 2025இல் லீக் விசாரணை தொடங்கியதே என்று சிலர் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது வேறு வழக்கு. அதை விசாரிக்கட்டும். அதற்காக 2018இன் கால்நோ பொய்யாகாது.

விசுவாசம் பற்றிக் கதைப்பவர்கள் டிறோசனைப் பற்றி ஏன் கதைக்கிறார்களில்லை? 2009இல் வந்தவன். ஒன்பது பருவம். 2016இல் மற்ற அணிகளோடு கதைக்கவும் போகாமல் இங்கேயே திரும்பக் கையெழுத்து வைத்தான். அணியின் சரித்திரத்தில் ஆகக் கூடுதலாகப் புள்ளி எடுத்தவன் அவன். 2018 பெப்ரவரியில் தனக்கு மனச்சோர்வு இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்ன ஆம்பிளை. எங்கட வீடுகளில் அந்தச் சொல்லை இன்னும் ஒருவரும் உச்சரிக்கமாட்டார்கள், 'அவருக்குக் கொஞ்சம் யோசனை' என்று முடித்துவிடுவார்கள். அந்த யூலையில், தன்னை விற்கமாட்டார்கள் என்று நம்பியிருந்தவனை விற்றார்கள். தனக்குச் சொன்னது ஒன்று, நடந்தது வேறு என்று அவனே எழுதினான். உஜிரி பிறகு மன்னிப்புக் கேட்டார், அது அவருடைய பெருந்தன்மை. விற்றது வியாபாரத்தில் சரியான முடிவு, அப்போதும் அதைத்தான் சொன்னேன். ஆனால் அணி செய்தால் வியாபாரம், ஆட்டக்காரன் செய்தால் துரோகம் என்ற தராசை நான் ஏற்கமாட்டேன்.

இந்த ஊருக்கு இது பழைய வியாதி. 2001 மே 20ஆம் திகதி வின்ஸ் காட்டர் காலையில் வட கரோலினாவுக்குப் போய்ப் பட்டமளிப்பில் நின்றுவிட்டு, அதே நாள் பிலடெல்பியாவில் ஏழாவது ஆட்டம் விளையாடினான். 88-87 என்று தோற்றோம். கடைசி எறி தவறியது. பட்டம் வாங்கப் போனதால்தான் தோற்றான் என்று வருசக்கணக்காகத் திட்டினார்கள். நான் அப்போது கனடா வந்து ஒரு வருசம் ஆகவில்லை, ஒரு பாரின் பின்பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முதல் வருசத்தோடு படிப்பு நின்றுபோனவன். கறுப்பு அங்கி போட்டு ஒரு கடதாசி வாங்குவதற்காக ஒருவன் விமானம் ஏறிப் போனது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே விளங்கும். பிள்ளை டொக்டராக வேண்டும், எஞ்சினியராக வேண்டும் என்று கனவு காண்கிற எங்கட சனமும் வெள்ளைக்காரனோடு சேர்ந்து அவனைத் திட்டியது. 2004 டிசெம்பரில் அவனை நியூ ஜேர்சிக்கு விற்றார்கள். அதற்குப் பிறகு இங்கே விளையாட வந்தபோது வருசக்கணக்காக ஊளை. 2024 நவம்பர் 2ஆம் திகதி அவனுடைய 15ஆம் இலக்கத்தைக் கூரையில் ஏற்றினார்கள். இருபது வருசம் பிடித்தது.

அடுத்தது டிறோசனின் 10. இங்ராம் இனி என்ன செய்வானோ தெரியாது, அவனுடைய கணுக்காலை அவனும் அவனுடைய வைத்தியரும் பார்த்துக்கொள்ளட்டும். 10ஐ ஏற்றுகிற அன்றைக்கு நான் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு மேல்மாடிக் கடைசி வரிசையில் என்றாலும் போய் இருப்பேன். ரிக்கெற்றுக்குக் காசு சேர்க்கத் தொடங்கியாச்சு.