டிராயிங் படிக்கத் தெரியும்... சம்பளச் சீட்டு படிக்கத் தெரியுமா?



வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கத் தெரிந்தவர்கள் நாம். ஒரு டிராயிங்கைக் கையில் கொடுத்தால், பீஸ் எப்படி வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். ஆனால் வேலைக்குப் போன நம் சீனியர்களிடம், "சம்பளத்துல 135 ரூபாய் எதுக்குண்ணா பிடிக்கிறாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ இ.எஸ்.ஐ.யாம்டா... எல்லாருக்கும்தான் பிடிக்கிறான்" என்பதுதான் பதிலாக வரும்.

இந்த ‘ஏதோ'தான் நமக்கு ஆபத்து என்பது என் கருத்து.

இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் ஏதாவது ஒரு கம்பெனி பஸ்ஸில் ஏறப் போகிறோம். ஒரு ரூமில் ஆறு பேர், நைட் ஷிஃப்ட், மெஸ் சாப்பாடு. காய்ச்சல் வந்தால் நாம் முதலில் பயப்படுவது காய்ச்சலுக்கு அல்ல. லீவு போட்டால் சம்பளம் போகுமே, சூப்பர்வைசர் என்ன சொல்வாரோ, ஆஸ்பத்திரிக்கு யார் பணம் கட்டுவது... இதற்குத்தான் பயப்படுகிறோம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு லைனில் போய் நிற்கிறோம்.

தகவல் இல்லாத இடத்தில் பயம் எப்படி வளரும் என்பதை 2021 டிசம்பரில் இந்தச் சாலையே பார்த்தது. ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லி பக்கத்து விடுதியில் உணவு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாமல் வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சாலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ல்தான் மறுபடி திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அந்தப் பெண்கள் ரோட்டில் உட்காராமல் இருந்திருந்தால், குறை வெளியே தெரிந்திருக்குமா?

நல்ல சாப்பாடும் சுத்தமான தண்ணீரும் தர வேண்டியது கம்பெனியின், அரசாங்கத்தின் பொறுப்பு. அதை நம் தலையில் கட்ட நான் வரவில்லை. ஆனால் நமக்கு என்ன உரிமை உண்டு என்று தெரிந்துகொள்வது நம் பொறுப்பு. அதை வேறு யாரும் செய்து தரமாட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். சம்பளம் 18,000 என்றால் நம்மிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய். கம்பெனி தன் பங்காகக் கட்டுவது 3.25 சதவீதம், 585 ரூபாய். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இந்தத் திட்டம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே நமக்கு வைத்தியம் உண்டு. நம்மைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் உண்டு. டாக்டர் சான்றுடன் படுத்துக் கிடந்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை வரும். புதிதாகச் சேர்ந்தவருக்கு இது கிடைக்க ஒன்பது மாதம் போல ஆகும். வேலையில் அடிபட்டால் இந்தக் காத்திருப்பு இல்லை, 90 சதவீதம். காண்ட்ராக்டர் மூலம் சேர்ந்தாலும் இதெல்லாம் உண்டு.

அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தால் மட்டும் இ.எஸ்.ஐ. கிடையாது. பயிற்சியில் அடிபட்டால் நஷ்டஈடு தர வேண்டியது கம்பெனி. ஆகவே ஆர்டர் கையில் வந்ததும் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். ‘அப்ரண்டிஸ்' என்று இருக்கிறதா, ‘டிரெய்னி' என்று இருக்கிறதா, யாருடைய லெட்டர்ஹெட்டில் வந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த ஒரு சொல்லில்தான் நம் ஆஸ்பத்திரிச் செலவு இருக்கிறது.

அடுத்தது வருமான வரி. "நமக்கேது மச்சி வரி? அதெல்லாம் முதலாளிங்க சமாச்சாரம்!" என்று சிரிக்கிறோம். வரி கட்டும் அளவுக்கு நமக்குச் சம்பளம் வராது என்பது உண்மைதான். 2025-26 நிதியாண்டில் புதிய முறைப்படி 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை. ரிட்டர்ன் கட்டாயம் என்பதும் பொதுவாக 4 லட்சத்தைத் தாண்டினால்தான். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

நம் சீனியர் ஒருவர் ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்தார். மாதா மாதம் வரி என்று சொல்லிப் பிடித்தார்கள். பான் நம்பரைப் போட்டு வருமான வரித் துறையின் இணையதளத்தில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர் வாங்கிய பணம் அங்கே ‘சம்பளம்' என்றே இல்லை, காண்ட்ராக்ட் தொகை என்று இருந்தது. அதாவது கணக்குப்படி அவர் தொழிலாளியே இல்லை! தொழிலாளி இல்லை என்றால் பி.எஃப். எங்கே? இ.எஸ்.ஐ. எங்கே? ரிட்டர்ன் போட்டதால் பிடித்த பணம் திரும்பி வந்தது. அதைவிடப் பெரிய லாபம், தான் எந்தப் பட்டியலில் இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்ததுதான். வரிக் கணக்கைப் பார்ப்பதும் உடம்பைப் பார்த்துக்கொள்வதும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று நான் சொல்வது இதனால்தான்.

இணையதளத்தில் ரிட்டர்ன் போட கட்டணம் கிடையாது. "நிறைய ரீஃபண்ட் வாங்கித் தர்றேன் தம்பி" என்று வரும் ஏஜெண்டிடம் ஜாக்கிரதை. அவர் எழுதும் பொய்க் கணக்குக்கு நோட்டீஸ் நம் பெயருக்குத்தான் வரும்.

வரி முதலாளி சமாச்சாரம் மட்டும் இல்லை என்பதற்கு ஸ்ரீபெரும்புதூரே சாட்சி. 2006-ல் திறந்த நோக்கியா தொழிற்சாலை, வரித் தகராறில் சொத்து முடக்கப்பட்டதால் மைக்ரோசாஃப்ட் வாங்கிய பட்டியலில் சேராமல் நின்று, 2014 நவம்பர் 1-ல் மூடியது. கம்பெனிக்கும் அரசுக்கும் நடந்த வழக்கில் வேலையை இழந்தது நம் வயதுப் பையன்களும் பெண்களும். கம்பெனி போனாலும் நம்மோடு வருவது பி.எஃப். கணக்கு ஒன்றுதான். அதற்கான யு.ஏ.என். நம்பரும் அதே 2014-ல்தான் வந்தது. வேலை மாறும்போது அந்த நம்பரைச் சொல்லிக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து வருஷ சர்வீஸ் முடியுமுன் பணத்தை எடுத்தால் அதற்கும் வரி உண்டு.

இன்னொரு சின்ன விஷயம். ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால்! நம் ஊரில் பாதிப் பேருக்கு இதே கதைதான். அவசரத்துக்குப் பி.எஃப். பணம் கேட்கும்போது இந்த ஒரு எழுத்து குறுக்கே நிற்கும். இப்போதே திருத்திவிடுவது நல்லது.

"இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கத்தான் கம்பெனியில் எச்.ஆர். இருக்கிறாரே?" என்று கேட்கலாம். இருக்கிறார். ஆனால் ஷிஃப்ட் முடிந்து பஸ் கிளம்ப பத்து நிமிஷம் இருக்கும்போது அவரைத் தேடிப் போய்க் கேட்க, கேள்வியாவது தெரிந்திருக்க வேண்டாமா?

எனவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். கடைசி செமஸ்டரில், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன், ஒரே ஒரு மதியம் ஒதுக்குங்கள். வேலையில் இருக்கும் சீனியர் இருவரை அழையுங்கள். ஒரு சம்பளச் சீட்டைப் போர்டில் வரைந்து, டிராயிங்குக்கு டைமென்ஷன் சொல்வதுபோல் ஒவ்வொரு வரியாக விளக்கச் சொல்லுங்கள். வைவா வேண்டாம், மார்க்கும் வேண்டாம்.

மெஷினை ஓட்டுமுன் மேனுவலைப் படி என்று லேபில் சொல்லித் தந்திருக்கிறார்கள். நாளை நம் வாழ்க்கையை ஓட்டப் போகிறவர்கள் நாம்தான். படித்துவிட்டு ஓட்டுவோம்!