நாடாவில் எதை ஏற்றுவது?

2011 பிப்ரவரி மாதக் கடைசியில் ஜிமெயில் உபயோகிப்பவர்களில் ஒரு சிறு பகுதியினர், கூகுளின் கணக்குப்படி 0.02 சதவீதத்தினர், தங்கள் கடிதங்கள் மறைந்துபோயிருக்கக் கண்டார்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் வெவ்வேறு இடங்களில் பிரதிகள் வைத்திருந்த ஸ்தாபனம்தான். ஆனால் சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது நேர்ந்த பிழை அப்பிரதிகளையும் பாதித்துவிட்டமையால், இயந்திரத்தோடு தொடர்பின்றித் தனித்திருந்த காந்த நாடாக்களே அன்று கைகொடுத்தன.

நாடாவைப் பழம்பொருள் என்று பரிகசிப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. 2000-இல் 100 ஜிகாபைட் கொள்ளளவோடு வந்த எல்.டி.ஓ. நாடா, ஒன்பதாம் தலைமுறையில் 18 டெராபைட் வரை ஏற்கிறது. இவ்வளவு இடம் இருக்கிறதே என்று அனைத்தையும் அள்ளிப் போடுகிற வழக்கம்தான் எனக்கு உடன்பாடில்லாதது. எது போனால் காரியாலயமே ஸ்தம்பிக்கும், எது போனால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்கிற விசாரணையை யாரும் செய்யாமலே, அது செய்யப்பட்டுவிட்டதான பிரமையை அவ்வழக்கம் உண்டாக்குகிறது.

கோப்புகளைத் தொகுத்து நாடாவில் ஏற்றுவதற்கென்று 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வெளிவந்த ‘டார்’ கட்டளை அந்தப் பிரமைக்கு அதிகம் இடம் தருவதில்லை. எந்தக் கோப்பு, எந்த டைரக்டரி என்று பெயர் சொல்லித்தான் அதனிடம் வேலை வாங்க வேண்டும். பெயர்களை ஒரு பட்டியலாக எழுதிக் கொடுத்தாலும் லினக்ஸில் உள்ள ‘டார்’ ஏற்றுக்கொள்ளும். விலக்க வேண்டியவற்றையும் தனியே சொல்லலாம். கட்டளையைத் தட்டுவது கம்ப்யூட்டர் பிரிவினரின் வேலையாக இருக்கட்டும். பட்டியலை எழுதும் பொறுப்பு மட்டும், அந்தக் கணக்குகளையும் கடிதங்களையும் தினந்தோறும் கையாளும் அதிகாரிக்கே உரியது என்பது என் அபிப்பிராயம். சம்பளப் பட்டியல் எந்த டைரக்டரியில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், அதோடு கிடக்கும் பழைய வரைவுகளில் எவை வேண்டாதவை என்பதும் அவருக்கு மட்டுமே தெரியும்.

தொழில் தெரிந்தவரின் விவேகம் தேவைப்படும் இடங்கள் வேறு. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே நாடாவில் ஏற்றினால், பாதி எழுதிய நிலையில் அவை சிக்கிக்கொள்ளக்கூடுமாதலால், முறைப்படி அதன் பிரதியை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். லினக்ஸில் நாடா இயந்திரத்தை ‘எஸ்டி0’ என்ற பெயரால் குறிப்பிட்டு எழுதினால் வேலை முடிந்ததும் நாடா தொடக்கத்துக்கே திரும்பிவிடும்; அதை அறியாமல் இரண்டாவது தொகுப்பை ஏற்றுகிறவர் முதல் தொகுப்பைத் தம் கையாலேயே அழிக்கிறார். திரும்பச் சுற்றாத ‘என்எஸ்டி0’ என்ற மற்றொரு பெயர் இருப்பது இதற்காகத்தான்.

ஏற்றியதை ‘டார்’ கொண்டே மூலத்தோடு ஒப்பிடலாம் என்றாலும், அதோடு நான் திருப்தியடைய மாட்டேன். மூன்று மாதத்துக்கொரு முறை, பட்டியலை எழுதிய அதிகாரியே தாம் விரும்பிய ஒரு கோப்பைக் குறிப்பிட, அதை நாடாவிலிருந்து வேறொரு டைரக்டரியில் இறக்கி, அவர் திறந்து பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்று ஒவ்வொரு காரியாலயமும் விதி செய்துகொள்ளலாம். அதற்கு அரை நாளுக்கு மேல் செலவாகாது.